மரக்காணம் உப்பளத்தில் ஒரு கிதியோன்

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு மரக்காணம் போய்வந்தேன். உப்பளத்தைப் படம் எடுக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். நான் போனது பைபிள் கதையான கிதியோன் நாடகம் பார்க்க. நண்பன் அந்தோணிதான் கிதியோன் வேடம் கட்டுகிறான் என்று ஒரு மாதமாகவே போனில் சொல்லிக்கொண்டிருந்தான். நானும் அவனும் கிண்டியில் ஐ.டி.ஐ. படித்தபோது ஒரே அறை. நான் சென்னையில் லிஃப்ட் சர்வீஸ் வேலைக்குப் போனேன், அவன் ஊருக்கே திரும்பி உப்பளத்தில் மேஸ்திரி ஆனான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்றாவது மாடி வரை இறங்கி, பூட்டினோமா என்று பார்க்க மறுபடி ஏறுகிறவன். அதனால் சின்ன வயதில் ஞாயிறு வகுப்பில் கேட்ட எல்லாத் தலைவர்களிலும் எனக்குப் பிடித்தவர் கிதியோன்தான். மோசேயும் தாவீதும் எனக்குத் தூரத்து ஆட்கள். கிதியோன் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

திருவான்மியூரில் காலை ஆறரை மணி புதுச்சேரி பஸ். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போவதா என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், சிலது திண்டிவனம் சுற்றிப் போகும். நான் நடத்துனரிடம் இரண்டு முறை கேட்டேன். "சார், மரக்காணம் வந்தா நானே எழுப்பி விடுறேன், நிம்மதியா தூங்குங்க" என்றார். தூங்கவில்லை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், இரண்டரை மணி நேரம். டிக்கெட் நூற்றி முப்பது ரூபாய். கடலைப் பார்க்க இடது பக்க ஜன்னல், உப்பளத்துக்கு வலது பக்கம். ஊர் நெருங்கும்போது வலது பக்கம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள். அவற்றை அம்பாரம் என்கிறார்கள்.

போகிற வழியில் கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இஸ்ரவேல் மக்களை மிதியானியர் கொள்ளையடித்துக்கொண்டிருந்த காலம். விளைந்ததை எல்லாம் ஒட்டகத்தில் வந்து வாரிக்கொண்டு போவார்கள். கிதியோன் அவர்களுக்குப் பயந்து, திராட்சை மிதிக்கும் தொட்டிக்குள் ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு தூதன் வந்து, 'வீரனே' என்று கூப்பிடுகிறான். பதுங்கியிருக்கிறவனை! எங்கள் குலத்தில் எங்கள் குடும்பம் கடைசி, எங்கள் வீட்டில் நான் கடைசி என்று கிதியோன் தட்டிக்கழிக்கிறார். அடையாளம் கேட்கிறார். கிடைத்த பிறகும் நம்பாமல் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும் என்கிறார். நனைகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், மறுநாள் தோல் காய்ந்து தரை மட்டும் நனையட்டும் என்கிறார். மறுபடி கேட்கிறாரே, அந்த இடம்தான் எனக்கு உயிர்.

மரக்காணத்தில் இறங்கியதும் ஆட்டோ. மாதா கோயில் திடல் வரை மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய். ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "டிராமாவுக்கா சார்? யாரு, நம்ம மழை மேஸ்திரி ஊட்டுக்கா?" என்று கேட்டார்.

"மழை மேஸ்திரியா?"

"அந்தோணி சார். அந்தப் பேரு வெச்சது கூட உப்பு வார்ற வேலு. போன வாரம் ரெண்டு தபா மழை வருதுன்னு எல்லாரையும் கூப்ட்டு உப்ப மூட வெச்சாரு. ஒரு தூறல் கூட இல்ல. ஊரே சிரிக்குது."

அந்தோணி போனில் இதைச் சொல்லவே இல்லை.

பாத்திகளுக்கு நடுவே வரப்பில்தான் அவனைப் பார்த்தேன். கையில் போன், முகம் வாடியிருந்தது. விஷயத்தை அவனே சொன்னான். இதுநாள் வரை கூலிக்கு உப்பு வாரிய பதினாறு குடும்பங்கள் இந்த வருஷம் முதல் முறையாகச் சேர்ந்து சொந்தமாகக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். பேசிப் பேசிச் சேர்த்தவன் அந்தோணி. வாரிய உப்பு எல்லாம் அம்பாரமாக நிற்கிறது. திங்கட்கிழமை லாரி. நடுவில் இருப்பது இந்த ஒரு ஞாயிறுதான்.

"போன்ல மழைன்னு காட்டுதுடா" என்றான். "போன வாரமும் காட்டிச்சு. இப்ப மூணாவது தபா போய் எப்படிக் கூப்புடுறது?"

கோடை மழை ஒரு மணி நேரம் சாத்தினால் போதும். பாதி உப்பு ஓடிவிடும், மிச்சமும் கறுத்துப்போகும், லாரிக்காரர் தொடமாட்டார். நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் வேறு மாதிரிக் காட்டியது. இரண்டு பேரும் இரண்டு போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம். ஆறுதல் சொல்லப் போன இடத்தில் நான் அவன் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். வானத்தில் ஒரு பஞ்சு கூட இல்லை.

அவன் மனைவி ஸ்டெல்லா சாப்பாடு போட்டார். இறால் தொக்கு, சோறு, ரசம். நாடகம் எழுதியது அவர்தான். பன்னிரண்டாவது வரை படித்தவர், அவரும் உப்பு வாருகிறவர். அந்தோணி தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"பிரபுண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் ஸ்டெல்லா. "மூடணும்னா மூடணும்னு சொல்லச் சொல்லுங்க. வேணாம்னா சோத்த துன்னச் சொல்லுங்க. ராத்திரி பூரா மாடிக்கும் கீழயும் நடக்குறாரு."

நான் என்ன சொல்ல? ரசம் நன்றாக இருக்கிறது என்றேன்.

இரண்டரை மணிக்குத் திடலில் கடைசி ஒத்திகை. நாடகம் மாலை ஆறு மணிக்கு. கூனிமேட்டிலிருந்து சம்சு பாய் தன் மினி வேனில் மேடைக் கூரைக்கும் ஜனங்கள் உட்காரும் இடத்துக்கும் புதுத் தார்ப்பாய்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது கூனிமேடு. இந்தப் பக்கத்துக் கல்யாணம், திருவிழா எல்லாவற்றுக்கும் பந்தல் அவருடையதுதான். நடிகர்கள் கலந்த கூட்டம். மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் பாதி, மாரியம்மன் தெரு ஆட்கள் பாதி. கதையில் கிதியோனைக் கேலி செய்யும் சுக்கோத்து ஊர்ப் பெரியவர் வேடத்துக்கு வேலு. உப்பளத்துப் பங்காளிகளில் ஒருவர், மழை மேஸ்திரி என்று பேர் வைத்தவர். நல்ல குரல், நக்கலும் அதிகம். "ஏம்பா கிதியோன், இன்னிக்கு குடை எடுத்தாந்தியா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அந்தோணியும் சிரித்தான். சிரித்தது மாதிரி இருந்தது.

ஒத்திகையில் ஆள் குறைக்கிற காட்சி வந்தது. கிதியோன் பின்னால் முப்பத்திரண்டாயிரம் பேர் திரண்டிருக்கிறார்கள். இது அதிகம், பயப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவிக்கச் சொல்கிறார் கடவுள். இருபத்திரண்டாயிரம் பேர் போய்விடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு, அந்தக் கூட்டத்திலேயே அதிகம் பயந்த ஆள் மட்டும் போக முடியாமல் நின்றிருப்பாரே, அவர் முகம் எப்படி இருந்திருக்கும்?

எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். அந்தோணி மேடை விளிம்புக்கு வந்து, "பயப்படுறவன் வீட்டுக்குப் போலாம்" என்ற வசனத்தைச் சொன்னான். அடுத்த வசனம் வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்தோம். ஸ்டெல்லா பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொடுத்தார். அவன் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தான்.

"எனக்குப் பயமா இருக்குது" என்றான். "நிஜமாத்தான் சொல்றேன். மழ வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. வரலன்னா இன்னும் ஒரு வருசம் சிரிங்க. நான் உப்ப மூடப் போறேன். வர்றவங்க வாங்க."

"டேய், மூணாவது தபாடா!" என்று வேலு கத்தினார். பலர் சிரித்தார்கள். கால்வாசிப் பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான்.

தார்ப்பாய்தான் சிக்கல். மழைக்காலத்துக்கு முன்னால் மூடுவதற்கான கீற்று இன்னும் வாங்கவில்லை. போன வாரம் மூடிய பழைய ஷீட்டுகள் ஓட்டை. அந்தோணி சம்சு பாய் முன்னால் போய் நின்றான். கேட்கவே கூச்சம். பாய் தாடியைத் தடவினார்.

"தம்பி, எல்லாம் புதுசு. உப்புத் தண்ணி பட்டா ஓரத்து வளையமெல்லாம் துரு ஏறிரும்."

"தெரியும் பாய்."

"மழ நிச்சயமா வருமா?"

"தெரியாது பாய்."

பாய் வானத்தைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "வரும்னு சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "எடுத்துனு போ. நாளைக்கு நல்ல தண்ணில அலசிக் குடுத்துரு. துவா பண்றேன்."

மூன்றரை மணிக்கு உப்பளத்தில் இருந்தோம். உப்பளம் போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு குறிப்பு: செருப்பு வரப்பில் வழுக்கும், பாத்திக்குள் வெறுங்காலோடு இறங்கினால் உப்பு கிழிக்கும். எனக்கு இரண்டும் நடந்தது. ஒரு அம்பாரம் ஆள் உயரத்துக்கு மேல். நாலு பேர் நாலு மூலை பிடித்து இழுத்துப் போர்த்தி, மண் மூட்டையை ஓரத்தில் வைக்க வேண்டும். பாதி வேலையில் ஸ்டெல்லாவுக்கு போன். பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்த தங்கச்சி. "அக்கா, இங்க ஊத்துது. கரன்ட் போயிடுச்சு." ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. மேற்கே பார்த்தோம். அடிவானம் கறுத்து, அதுவரை கடலிலிருந்து வந்த காற்று சட்டென்று நின்றிருந்தது.

ஓடினோம்.

அந்தோணி வேறு ஆளாகிவிட்டான். குரல் மாறியது. இவன் இங்கே, நீ அங்கே என்று கத்தினான், எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடைசியில் மிஞ்சிய முந்நூறு பேரோடு, எக்காளமும் பானையும் தீவட்டியுமாக மிதியானியர் பாளையத்தை வளைத்த கிதியோன் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வரிசைக்கு வந்தபோது வேலுவின் இரண்டு அம்பாரங்கள் மட்டும் திறந்து கிடந்தன. கையில் ஒரு தார்ப்பாய் மிச்சம். அந்தோணி வரப்பில் உட்கார்ந்தான்.

"போதும்" என்றான்.

"இன்னும் ஒண்ணு இருக்குதே" என்றார் ஸ்டெல்லா.

"அது மேடைக்கு."

"இந்த மழைல மேடையா? வேலு அண்ணனோடது அப்படியே கெடக்குது."

"கெடக்கட்டும். வராதவன் உப்பு கரையட்டும் ஸ்டெல்லா. ஒரு வாரமா என்ன பேரு சொல்லிக் கூப்ட்டான்? எம் புள்ள இஸ்கூல்லேர்ந்து அழுதுட்டு வர்றான்."

பக்கத்தில் நின்றவர்கள், "மேஸ்திரி சொல்றது கரெக்ட்டுதான்" என்றார்கள். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் எழுந்திருக்கத் தயங்கியவர்கள் அவர்கள். அன்றைக்கு எனக்குப் பயம் தந்தது மேகம் இல்லை, அந்தக் குரல்கள்தான்.

ஸ்டெல்லா தார்ப்பாயின் ஒரு முனையைத் தோளில் போட்டு இழுத்தார். "பிரபுண்ணே, அந்தப் பக்கம் புடிங்க."

புருஷன் பெண்டாட்டி நடுவில் நுழைவது என்றாலே எனக்கு ஆகாது. அந்தோணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்தேன். காற்று வந்துவிட்டது. இரண்டு பேரால் அந்த ஷீட்டை அடக்க முடியவில்லை. படகுப் பாய் மாதிரி உப்பி என்னைப் பாத்திக்குள் இழுத்துப் போட்டது. முழங்கால் வரை உப்புத் தண்ணீர். ஸ்டெல்லா தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தோணி எழுந்து வந்தான். மூன்று பேருமாக ஒரு அம்பாரத்தைப் போர்த்தி முடிப்பதற்குள் முதல் துளி விழுந்தது. புளியங்கொட்டை அளவு. அதன் பிறகு துளி இல்லை, ஒரே கொட்டல்.

வேலுவும் அவர் மனைவியும் மழையில் ஓடிவந்தார்கள். இரண்டாவது அம்பாரம் எங்கள் கண் முன்னாலேயே சரிந்துகொண்டிருந்தது. வேலு சட்டையைக் கழற்றி அதன் மேல் போட்டார். ஒரு சட்டை எதற்குக் காணும்? அப்புறம் மூடியிருந்த முதல் அம்பாரத்தைப் பார்த்தார். அந்தோணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் போட்டு வெச்சிருக்கியேப்பா. அப்படிப் பேசுன எனக்கும் போட்டு வெச்சிருக்கியே."

அந்தோணி கையை உருவிக்கொண்டு ஷீட்டின் ஓரத்தை இறுக்கப் போனான். ஸ்டெல்லா மண் மூட்டை மேல் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் அடித்து ஓய்ந்தது. திடல் குளமாகிவிட்டதால் நாடகத்தை ஏழு மணிக்குக் கோயிலுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். கூட்டம் தாங்கவில்லை. அந்தோணி உள்ளே வந்ததும் கைதட்டல். "இனிமே நீ சொல்றதுதாம்பா", "அடுத்த வருசமும் நீதான் தலைவரு" என்று ஆளுக்கு ஒரு குரல். அவன் தலையைக் குனிந்தபடியே வேடம் கட்டப் போனான்.

கிதியோன் கதையைப் பெரும்பாலும் வெற்றியோடு முடித்துவிடுவார்கள். எக்காளம், பானை உடைப்பு, எதிரி ஓட்டம், மங்களம். ஸ்டெல்லா அப்படி எழுதவில்லை. வெற்றிக்கு அப்புறம் வருவதையும் வைத்திருந்தார். எதிரி ராஜாக்களைத் துரத்திக்கொண்டு போகிற வழியில் கிதியோனின் ஆட்கள் களைத்துப்போய் சுக்கோத்து ஊரில் ரொட்டி கேட்கிறார்கள். ராஜாக்கள் என்ன உங்கள் கையில் சிக்கிவிட்டார்களா, இப்போதே சோறு போட என்று ஊர்ப் பெரியவர்கள் கேலி செய்கிறார்கள். கிதியோன் ஜெயித்துத் திரும்பி வருகிறார். கேலி செய்தவர்களைப் பிடித்து முள்ளால் அடிக்கிறார். ஆட்டுத்தோலைப் போட்டுவிட்டு, கோபித்துக்கொள்ளாதே என்று கெஞ்சிய அதே மனிதர்.

பெரியவராக வேலு முட்டி போட்டார். அந்தோணி வேலிக்காத்தான் முள்கிளையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் முதல் வரிசையில் இருந்ததால் கேட்டது. "வேலு, உன்னோடத நான் மூடல. வேணும்னுதான் விட்டேன். ஸ்டெல்லாதான்..."

"தெரியும்" என்றார் வேலு, தலை நிமிராமல். "வேடம் கட்டும்போதே உம் பொண்டாட்டி சொல்லிட்டாங்க. அடி. ஜனங்க பாக்குறாங்க."

அந்தோணி பக்கவாட்டில் பார்த்தான். ஸ்டெல்லா கையில் வசனத்தாளோடு நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, விட்டுக்கொடுக்கும் எண்ணமும் இல்லை. "கதையில அடிச்சாருங்க" என்றார், மெல்ல.

அவன் அடித்தான். கிளை வேலுவின் தோளில் கட்டியிருந்த சாக்கில்தான் பட்டது. ஆனாலும் அந்தச் சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. ஒருவரும் கைதட்டவில்லை.

அடுத்த காட்சியில் ஜனங்கள், நீரே எங்களை ஆளும், உமக்குப் பின் உமது மகன் ஆளட்டும் என்கிறார்கள். கிதியோன் மறுக்கிறார். ஆளுகிறவர் கடவுள் ஒருவரே என்கிறார். அந்தப் பதிலோடு முடித்திருந்தால் எவ்வளவு அழகான மனிதர்! ஆனால் அதே மூச்சில் ஆளுக்கு ஒரு பொன் கடுக்கன் கேட்டு வாங்கி, அத்தனை பொன்னிலும் ஒரு ஏபோத்து, பூசாரிகள் அணிகிற உடுப்பு, செய்து தன் ஊரில் வைக்கிறார். ஜனங்கள் அதைக் கும்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். ராஜா வேண்டாம் என்றவர் ஒரு மகனுக்கு, 'என் அப்பா ராஜா' என்று பொருள்படும் பெயர் வைக்கிறார். அபிமெலேக்கு என்ற அந்த மகன் பிற்பாடு சகோதரர்கள் எழுபது பேரையும் கொல்லக் கிளம்புகிறான். ஒருவன்தான் தப்புகிறான். அந்தோணி இந்தக் காட்சிகளை எல்லாம் ஒரு மாதிரி அடங்கிய குரலில் நடித்தான். நான் பார்த்ததில் நல்ல நடிப்பு அதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வந்தது. தார்ப்பாய்களைப் பிரித்தபோது உப்பு காய்ந்து வெள்ளையாகவே இருந்தது. வேலுவின் இரண்டாவது அம்பாரத்தில் தேறியது கால் பங்குகூட இல்லை, அதுவும் சேறு. அந்தோணி எல்லோரையும் வரப்பில் கூட்டினான். நடந்ததை மறைக்காமல் சொன்னான். வேலுவின் நஷ்டத்தைப் பதினாறு குடும்பமும் பிரித்துக்கொள்ள வேண்டும், தன் பங்கு கூடுதல் என்றான். இரண்டு வீட்டார் ஒத்துக்கொள்ளவில்லை. வராதவருக்கு நாங்கள் எதற்கு என்றார்கள். நேற்று நீதானே சொன்னாய் என்று கேட்டார்கள். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் பேச்சு முடியவில்லை. வேலு மட்டும் தள்ளி உட்கார்ந்து பாய்க்குத் திருப்பித் தர வேண்டிய தார்ப்பாய்களை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை உப்பு வாருவதைப் பார்க்கலாம். காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள், பிறகு வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் குத்தும். கறுப்புக் கண்ணாடி வேண்டும். வரப்பில் நடக்க ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ரப்பர் ஷூ நல்லது. ஊருக்குள் தங்க வசதி குறைவு, புதுச்சேரி முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். நேரம் இருந்தால் பிரம்மதேசத்துப் பழைய கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையிலும் மழை வரும். போனை நம்பி முடிவெடுக்காதீர்கள், நம்பாமலும் இருக்காதீர்கள். எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை.

ஸ்டெல்லாதான் பஸ் ஏற்றிவிட வந்தார். நேற்று மேடையிலேயே அந்தோணியை அடிக்க வைத்து அப்படி நிறுத்தியிருக்க வேண்டுமா என்று கேட்டேன். எனக்கு அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

"எழுதும்போது ஒண்ணு தேடுனேன்ண்ணே. கிதியோனுக்கு நெறைய பொண்டாட்டிங்க. ஒருத்தி பேரு கூட கதையில இல்ல. அந்தப் பொன்ன உருக்கும்போது, இன்னாய்யா பண்றேன்னு எவளாச்சும் கேட்டிருப்பாளான்னு பாத்தேன். ஒரு வரி கூட காணோம்."

பஸ் வந்தது. வலது பக்கம் இடம் கிடைத்தது, கடல் தெரிந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. மறுபக்க ஜன்னல் வழியே, வரப்பில் இன்னும் நின்று பேசிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் கூட்டம் மறைகிற வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.